முதலாம் மேசை

"ஹலோ… ஓம், நான்தான்… ஓம் ஓம், கேக்குது. கத்தாதேங்கோ அண்ணை, நல்லாக் கேக்குது… இல்லை, மண்டபத்துக்குள்ளை இல்லை… கன்ரீனிலையும் இல்லை. சாருஜாவை அனுப்பித் தேடுவிக்காதேங்கோ… மருதனார்மடச் சந்தியிலை நிக்கிறன். சந்தைக்கு முன்னாலை… பஸ்ஸுக்கு."

ஜெயனி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். மறுமுனையில் கிறிஸ்ரி. குருநகரில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரன், அவளைவிட இரண்டு வயது மூப்பு, தேவாலயப் பங்கு இளைஞர் சதுரங்க அணியின் கப்டன். காலையில் அரையிறுதி ஆட்டத்தில் அணி வென்றிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இறுதி ஆட்டம். கிறிஸ்ரி, சாருஜா, றமேஸ், அவள் என்று நாலே நாலு பேர் கொண்ட அணியில் ஒருத்தி, அதுவும் முதலாம் மேசைக்காரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சந்தியில் நின்றால் எந்தக் கப்டனுக்கும் தொண்டை வறளத்தான் செய்யும். நல்லாய் வறளட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"எந்த பஸ்ஸோ… யாழ்ப்பாணம் போற பஸ்தான். வேறை எங்கை போறது… ஓம், வீட்டை… இல்லை, தலையிடி இல்லை. காய்ச்சலும் இல்லை. சாப்பாடும் ஒத்துக்கொண்டது… அண்ணை, நான் தோத்ததுக்குக் கோவிச்சுக்கொண்டு வரேல்லை. வெற்றி தோல்வி எல்லாருக்கும் வாறதுதான் எண்டு சொல்லப்போறியள் எண்டால் அதைச் சொல்லாதேங்கோ… ஓம் ஓம், அணி வெண்டதுதான். மூண்டுக்கு ஒண்டு. சந்தோசம்… அந்த ஒண்டு ஆரெண்டு தெரியுமெல்லோ."

"…"

"சரி, நேரை கேக்கிறன். சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. என்னை ஏன் முதலாம் மேசையிலை இருத்தினனீங்கள்?… ம்… ம்… நான் நிதானமா விளையாடுறனான்… ம்… எதிரணி லக்ஷனுக்கு முன்னாலை பதறாமல் இருக்கக்கூடிய ஆள் நான்தான்… ஓம், உதைத்தான் போன மாசமும் சொன்னனீங்கள். ஒரு சொல்லும் மாறேல்லை. பாடமாக்கி வைச்சிருக்கிறியள்."

"…"

"றமேஸ் சொல்லிப்போட்டான்… எந்த றமேஸோ? எங்கடை றமேஸ்தான், நாலாம் மேசை… அவனை ஏசாதேங்கோ. அவன் பாவம், எனக்கும் தெரியும் எண்டு நினைச்சுத்தான் சொன்னவன். வடையைக் கடிச்சுக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடை… என்ன சொன்னவனோ? அண்ணையின்ரை திட்டம் அந்தமாதிரி வேலை செய்யுது, ஒண்டைக் குடுத்து மூண்டை எடுத்தம் எண்டு சொன்னவன்… சாருஜா உடனை அவன்ரை காலை மிதிச்சவள். நான் கண்டனான். அப்பத்தான் விளங்கினது, அவளுக்கும் தெரியும்."

மறுமுனை அடங்கிப்போனது. கிறிஸ்ரியின் வாய் அடங்குவது அபூர்வம். பங்கில் எந்த விழா நடந்தாலும் ஒலிவாங்கியை முதலில் பிடிப்பவனும் கடைசியில் விடுபவனும் அவன்தான். அவன் ஒன்றும் பேசாமல் இருந்தது ஜெயனிக்கு ஏசியதைவிட மோசமாகச் சுட்டது. அதுவரை மனதின் ஒரு மூலையில், றமேஸ் ஏதோ உளறியிருப்பான் என்று ஒரு சின்ன நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அமைதியோடு அதுவும் போயிற்று.

அணிச் சதுரங்கத்தில் இது புதிய வித்தை அல்ல. கெட்டிக்காரர் முதலாம் மேசை, அடுத்தவர் இரண்டாம் மேசை என்று இறங்கிக்கொண்டு போவது வழக்கம். எதிரணியும் அப்படியே. ஆனால் வரிசையைக் கொடுப்பது கப்டனின் கையில் இருக்கிறது. கடைசி ஆளைத் தூக்கி முதலாம் மேசையில் போட்டுவிட்டால் எதிரணியின் சுறா அந்த இரையோடு நின்றுவிடும். மற்ற மூவரும் ஒவ்வொரு படி கீழே இறங்கி, தங்களைவிட மெலிந்தவர்களோடு மோதலாம். போன வருடம் வேறொரு அணி இதைச் செய்தபோது ஜெயனியே பார்த்துச் சிரித்தவள். முதலாம் மேசையில் முழித்துக்கொண்டிருந்த பெடியனைக் காட்டி, பாவம், தெரிஞ்சுதானோ வந்து இருக்கிறான் என்று சாருஜாவின் காதுக்குள் கேட்டவள். தன் கதிரைக்கும் அது வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"கதையுங்கோவன்… ம்… ஓம், சட்டத்திலை பிழையில்லை… எல்லா அணியும் செய்யிறதுதான், ஓம்… நான் சட்டம் கதைக்கேல்லை அண்ணை. எனக்குச் சொன்னனீங்களோ எண்டு கேக்கிறன்… உது வேறை கதை. எனக்குச் சொன்னனீங்களோ?… ஓமோ, இல்லையோ?… ஆ. இல்லை."

"…"

"சொல்லியிருக்கலாம். 'ஜெயனி, எங்களுக்குள்ளை நீதான் கடைசி. லக்ஷனிட்டை ஆரோ ஒராள் தோக்கோணும், நீ போய் இரு' எண்டு கேட்டிருக்கலாம்… நான் இருந்திருப்பன். சத்தியமாய்ச் சொல்லுறன், சிரிச்சுக்கொண்டு போய் இருந்திருப்பன். எனக்கென்ன, அணி வெண்டால் கோப்பையிலை எனக்கும் ஒரு கை இருக்கும்… என்ன?… சொன்னால் நான் மனம் விட்டு விளையாடமாட்டன் எண்டு நினைச்சனீங்களோ… ஓஹோ. அப்ப நம்பிக்கொண்டு தோக்கட்டும் எண்டு விட்டனீங்கள். தெரிஞ்சு தோத்தால் முகத்திலை காட்டிக் குடுத்திடுவன், தெரியாமல் தோத்தால் ஒருத்தருக்கும் விளங்காது. நல்ல யோசனை. என்ரை முகத்தையும் திட்டத்துக்குள்ளை சேர்த்திட்டியள்."

யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு வந்து நின்றது. கொண்டக்டர் அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"இல்லை அண்ணை, நான் பேந்து வாறன், நீங்கள் போங்கோ… இல்லை, உங்களுக்கில்லை, கொண்டக்டருக்குச் சொன்னனான்… ஏன் ஏறேல்லையோ? கதைச்சு முடிக்கோணும் எண்டுதான். பஸ்ஸுக்குள்ளை வைச்சுக் கதைக்கிற கதையோ இது."

"…"

"அந்தக் கண்ணாடி ஆட்டம் ஆர் சொல்லித் தந்தது?… நீங்கள்தானே. லக்ஷன் நடுவாலை துவங்கமாட்டான், ஓரத்தாலைதான் வருவான். ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னாலை நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுவான், நீயும் அதையே தள்ளு. அவன் குதிரையை எடுத்தால் நீயும் எடு. அவன் மந்திரியை ஒதுக்கி மூலைப்பக்கம் வைச்சால் நீயும் வை. நடுவிலை ஒரு கண்ணாடி நிக்குது எண்டு நினை, சொந்தமா ஒண்டும் யோசியாதை… ஒரு மாசம் அண்ணை. ஒவ்வொரு பின்னேரமும் வாசிகசாலையிலை இருத்தி, நீங்கள் வெள்ளை, நான் கறுப்பு. ரியூசனுக்கும் போகாமல் வந்தனான். அம்மாட்டை ஏச்சும் வாங்கினனான்."

"…"

"காலமை என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது, நீங்கள் உங்கடை ஆட்டத்திலை மூழ்கிப்போய் இருந்தனீங்கள். சொல்லுறன், கேளுங்கோ… இல்லை, கேக்கத்தான் வேணும்."

அவள் சந்தைச் சுவரோடு ஒதுங்கினாள். வெயில் உச்சியில் நின்றது. வெங்காய மூட்டை ஏற்றுகிறவர்கள் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் போனார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் காலையில் தான் இருந்த இருப்பு அவளுக்கு முன்னால் வந்தது. புதுச் சட்டை, அம்மா பின்னிவிட்ட இறுக்கமான பின்னல், நிமிர்ந்த முதுகு. முதலாம் மேசைக்கு ஏற்றமாதிரி இருக்கவேண்டும் என்று நிமிர்ந்திருந்தவள். அந்த நிமிர்ந்த முதுகை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவன் அந்த மந்திரிச் சிப்பாயைத் தள்ளினான், நானும் தள்ளினன். குதிரை, குதிரை. மந்திரி, மந்திரி. பக்கத்து மேசைக்காரர் எல்லாம் எட்டிப் பாத்தவை, ஒரு காயும் பிசகாமல் ரெண்டு பக்கமும் அச்சொட்டா ஒரே மாதிரி. பிறகு ராணிப் பக்கத்திலை சிப்பாயளை வெட்டினம், அவன் ரெண்டு, நான் ரெண்டு. வெட்டி முடிய அவன் மற்றக் குதிரையை வெளியிலை எடுத்தான். அந்த இடத்திலை நான் கண்டனான் அண்ணை… ஓம், நானே. ராணிக்கு முன்னாலை நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளலாம். தள்ளினால் நடு எனக்கு. கண்ணாடி உடையும், ஆனால் நான்தான் உடைக்கிறன். கை அதுக்குமேலை போயிட்டுது."

"…"

"ஏன் தள்ளேல்லையோ? நீங்கள் கேக்கிறியளோ அதை… வாசிகசாலையிலை ஒருநாள் இதே சிப்பாயை நான் தள்ளினனான். ஞாபகம் இருக்கோ?… இருக்கோ. நீங்கள் உங்கடை விரலாலை அதைத் திருப்பி இருந்த இடத்திலை வைச்சனீங்கள். 'உது வேண்டாம், நீ உடைக்காதை, என்னை நம்பு' எண்டு சொன்னனீங்கள்… அந்த விரல் என்ரை கண்ணுக்கு முன்னாலை வந்தது. கையை எடுத்துப்போட்டுக் குதிரையை வைச்சன். பிறகென்ன, அவன் முதல் நடுவைப் பிடிச்சான், மந்திரியைக் கொண்டுவந்து என்ரை கோட்டைக்கு நேரை விட்டான். அதுக்குப் பிறகு பாத்து வைக்கக் கண்ணாடியும் இல்லை, ஒண்டும் இல்லை. ஓட்டம்தான்."

"…"

"முடிஞ்சு கை குடுக்கேக்கை லக்ஷன் என்ன சொன்னவன் தெரியுமோ… அவன் நல்ல பெடியன், நக்கலடிக்கேல்லை. 'உம்மடை ராணிச் சிப்பாயைத் தள்ளிப்போடுவீரோ எண்டு பயந்துகொண்டிருந்தனான், ஏன் தள்ளேல்லை' எண்டு கேட்டவன்… மாகாண அணியிலை விளையாடுறவன் பயந்தவனாம் அண்ணை. எனக்கு. நான் என்ன சொல்லுறது? எங்கடை அண்ணை வேண்டாம் எண்டவர் எண்டு சொல்லுறதோ?"

குரல் உடைந்தது. உடைந்ததைக் கிறிஸ்ரி கேட்டுவிடக்கூடாதென்று அவள் போனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்ப எடுத்தாள். தோற்றது வலிக்கவில்லை. தோற்கிறவர்கள்தான் சதுரங்கம் படிக்கிறார்கள். ஒருவன் தன்னை நம்பச் சொல்லி, நம்பவைத்து, அந்த நம்பிக்கையையே ஒரு காயாக எடுத்து வைத்து விளையாடியிருக்கிறான். அதுதான் வலித்தது.

"இருக்கிறன்… இருக்கிறன், வைக்கேல்லை… ஓம், அப்பா வாறார். இறுதி ஆட்டம் பாக்க எண்டு அம்மாவும் அவரும் வெளிக்கிடுகினம்… தொழிலுக்குப் போகேல்லை இண்டைக்கு. நல்ல சேட்டு ஒண்டு அயன் பண்ணி வைச்சிருந்தவர்… அவர் மீன் ஏலம் கூறுற இடத்திலை நிண்டு எல்லாருக்கும் சொன்னவர், என்ரை மகள் முதலாம் மேசை எண்டு. செஸ் எண்டால் என்னெண்டு தெரியாத சனத்துக்கு முதலாம் மேசை எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்திக்கொண்டு நிண்டவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியப் பங்குச் சுவாமி அணிப் பேரை வாசிக்கேக்கை என்ரை பேரைத்தானே முதல் வாசிச்சவர். அம்மா அழுதவ. நீங்கள் பாடகர் குழுவிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள். சிரிச்சுக் கையைத் தட்டினனீங்கள்… அந்த நேரமெண்டாலும் சொல்லியிருக்கலாம். எங்கடை வீட்டைதானே அண்டைக்கு மத்தியானம் சாப்பிட்டனீங்கள்."

"…"

"ம்…"

"…"

"ம்… கேக்குது."

இப்போது அவன்தான் பேசினான். நீளமாகப் பேசினான். ஒலிவாங்கிக் குரல் இல்லை அது, சின்ன வயதில் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, பட்டம் அறுந்துபோச்சு என்று சொல்ல வருகிற கிறிஸ்ரியின் குரல். ஜெயனிக்கு அந்தக் குரலைத் தெரியும். சந்தை இரைச்சலை மறைக்க மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ம்… அழாதேங்கோ… இல்லை, தெரியுது, அழுறியள்… அந்தோனியாரை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ, சத்தியம் ஒண்டும் வேண்டாம்… ம்… பிழை எண்டு சொல்லுறியளெல்லோ, சரி… ஓம், சின்னனிலை இருந்து தெரியும்தான்… நான் வெறுக்கேல்லை. வெறுத்தால் உங்களோடை கதைச்சுக்கொண்டு நிப்பனோ… ம்… சாருஜாவும் அழுறாளோ. அவளை அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ… அப்பாவுக்கு நீங்கள் சொல்லுவியளோ?… நீங்களே?… இண்டைக்கே?… மெய்யாத்தானோ?"

பட்டம் அறுந்துவிட்டது என்று மதிலுக்கு மேலால் சொல்லுகிறவனிடம் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது? அவளுடைய கோபம் எப்போதும் அப்படித்தான், பெரிதாய்ப் பொங்கும், ஒரு சொல்லில் அடங்கும். அம்மா யசிந்தா அதைச் சொல்லிச் சொல்லியே சலித்துப்போனவள்.

"சரி… சரி அண்ணை, விடுங்கோ… வாறன்… ஓம், வாறன் எண்டு சொல்லுறன். நடந்து வர எவ்வளவு நேரம், இந்தா உதிலைதானே… ஆரோடை இறுதி? உடுப்பிட்டியோ… முதலாம் மேசை தக்சாயினியோ… ஓம், தெரியும், அவளும் லக்ஷனும் இஞ்சை திருநெல்வேலியிலை ஒரே சேரிட்டைத்தான் செஸ் ரியூசன். அவளும் ஓரத்தாலைதான் வருவாள்… எங்களுக்குத் திரும்பவும் கறுப்போ. ம்… பறவாயில்லை. இந்தமுறை தெரிஞ்சுகொண்டு இருக்கிறன். நீங்கள் வெல்லுங்கோ, நான் போய் முன்னாலை இருக்கிறன்… ஓம் ஓம். சிரிக்கிறன், போதுமோ?"

உண்மையாகவே சிரித்துக்கொண்டுதான் நடந்தாள். பையைத் தோளில் மாட்டி, சந்தியில் இரண்டு பக்கமும் பார்த்து, தெருவைக் கடந்து, ஆஞ்சநேயர் கோயில் பக்கம் நிழலுக்குப் போனாள். போன் காதிலேயே இருந்தது. கிறிஸ்ரிக்கு நிம்மதி வந்துவிட்டது. அவனுக்கு நிம்மதி வந்தால் வாய்க்குப் பூட்டு இல்லை.

"ம்… ம்… ஓம், நல்ல வேளைதான்… என்னத்துக்கு நல்ல வேளை?… நடுவரிட்டைக் கேட்டனீங்களோ? என்ன கேட்டனீங்கள்?… ம்…"

அவள் நின்றாள்.

"திருப்பிச் சொல்லுங்கோ… இல்லை, கடைசியாச் சொன்னதை… ஒராள் வராட்டி முதலாம் மேசையை வெறுமையா விடேலாதாம், ஓம்… கீழை உள்ளவை ஒவ்வொருத்தரா மேலை ஏறோணுமாம்… கடைசி மேசைதான் வெறுமையா நிக்குமாம்… ம். அப்ப முதலாம் மேசைக்கு ஆர் வாறது?… சொல்லுங்கோவன், ஆர்?… ஆ. நீங்கள்."

"…"

"எப்ப கேட்டனீங்கள் நடுவரிட்டை?… எனக்குப் போன் எடுக்க முதலோ, பிறகோ?… அண்ணை, எடுக்க முதலோ பிறகோ?… ஆ. முதல்."

போன் சூடேறியிருந்தது. அவள் அதை மற்றக் காதுக்கு மாற்றினாள். அப்படியென்றால் அழுகையும், மதில் மேல் குரலும், அப்பாவுக்கு நானே சொல்லுவன் என்றதும்? அவற்றில் ஏதாவது உண்மையாய் இருந்திருக்கும். இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் முதலில் ஓடியது நடுவரிடம். என்ன நடக்கும், தக்சாயினிக்கு முன்னால் போய் இருக்கப்போவது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளுடைய இலக்கத்தைத் தேடியிருக்கிறான்.

"இல்லை, ஒண்டும் இல்லை. நிண்டிட்டன், அவ்வளவுதான்… நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்… ஒரு புள்ளி போகும் எண்டு சொல்லுறியள். நான் வந்தாலும் அந்தப் புள்ளி போறதுதானே. என்ரை மேசை தோக்கிற மேசை எண்டுதானே கணக்கு. நான் இருந்து தோத்தாலும் ஒண்டு, கடைசி மேசையிலை ஆள் இல்லாட்டிலும் ஒண்டு. அதிலை என்ன வித்தியாசம்?… ஒரு வித்தியாசம்தான். நான் வராட்டி நீங்கள் முதலாவது, சாருஜா ரெண்டாவது, றமேஸ் மூண்டாவது. அது உங்கடை சரியான வரிசையெல்லோ. நான் இல்லாட்டி எல்லாரும் அவையவை இருக்கவேண்டிய இடத்திலை இருப்பியள்."

"…"

"தக்சாயினியை நினைக்கப் பயமா இருக்கோ?… ம். எனக்கும் காலமை பயமாத்தான் இருந்தது. ஆனால் அண்ணை இருத்தினவர், தெரியாமலோ இருத்துவார் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

யாழ்ப்பாணம் போகிற அடுத்த பஸ் தூரத்தில் தெரிந்தது. அந்தக் கணத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். இந்தா வாறன் அண்ணை, வாசலிலை நிக்கிறன் என்று இனிமையாய்ச் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிடலாம். போனை நிறுத்திவிடலாம். அவன் வாசலைப் பார்த்தபடி, அவள் வருவாள் என்று நம்பிக்கொண்டு, ஒன்றும் ஆயத்தப்படுத்தாமல் நிற்பான். மணிக்கூடு ஓடத் தொடங்கும்போதுதான் அவனுக்கு விளங்கும். அவன் என்ன வைத்தானோ அதையே வைப்பது. ஒரு மாதமாய் அவன் சொல்லித்தந்த விளையாட்டு அதுதானே.

வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. "வா" என்பதுவரை வந்தது.

"… இல்லை. கிறிஸ்ரி, கேளுங்கோ."

அண்ணை என்ற சொல் வரவில்லை. அவளும் அதைத் தேடவில்லை.

"நான் வரமாட்டன்… இல்லை, குறுக்கை கதைக்காதேங்கோ. நான் வரமாட்டன் எண்டு இப்பவே சொல்லுறன். இன்னும் நேரம் இருக்கு, போய் ஆயத்தப்படுத்துங்கோ. வாறன் வாறன் எண்டு சொல்லிக்கொண்டே வராமல் விட்டிருக்கலாம், அப்பிடிச் செய்யத்தான் வெளிக்கிட்டனான். ஏலாமல் போச்சு. உங்களுக்கு நான் முதலே சொல்லுறன். நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. அது உங்களோடை இருக்கட்டும்."

"…"

"இல்லை, அப்பாவுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். நானே எடுத்துச் சொல்லுறன். வெளிக்கிட முதல் மறிக்கோணும். நான் கடைசி மேசைக்காரி அப்பா எண்டு சொல்லுவன். அயன் பண்ணின சேட்டைக் கழட்டி வைப்பார், வேறென்ன செய்யிறது… சாருஜாவுக்கு, அவளுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். பிறகு பாப்பம்."

பஸ் வந்து நின்றது. அவள் திரும்பத் தெருவைக் கடந்து ஓடினாள், பை முதுகில் அடிக்க, போனைக் காதோடு வைத்தபடி.

"ஓம் அண்ணை, ஏறுறன், ஒரு நிமிசம் நில்லுங்கோ… உங்களுக்கில்லை… கிறிஸ்ரி, கடைசியா ஒண்டு. பேந்து ஜெயனி சொல்லேல்லை எண்டு இருக்கக்கூடாது. தக்சாயினி அதே மாதிரித்தான் வருவாள். நீங்கள் கண்ணாடி ஆட்டம் ஆடினாலும் கடைசி மட்டும் பாத்துப் பாத்து வைக்காதேங்கோ. பாத்து வைக்கிற ஆள் எப்பவும் ஒரு காய் பிந்தித்தான் நிப்பார், இது நான் இண்டைக்குப் படிச்சது. ராணிப் பக்கத்திலை சிப்பாயளை வெட்டி முடிய அவள் குதிரையை எடுப்பாள். நீங்கள் குதிரையை எடுக்காதேங்கோ. அந்தச் சிப்பாயைத் தள்ளுங்கோ. வாசிகசாலையிலை நீங்கள் விரலாலை திருப்பி வைச்சது. அது நல்ல சிப்பாய். லக்ஷனே பயந்தது."

"…"

பஸ்ஸில் இடம் இருந்தது. ஜன்னலோரம் அமர்ந்தாள். அவள் வைக்கவில்லை. ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். இதற்குப் பிறகாவது, ஒன்றையும் எதிர்பார்க்காமல், ஒரு சொல் சொல்வான். அவள் பேரை மட்டும் சொன்னால்கூட இறங்கிவிடுவாளோ என்று அவளுக்கே பயமாயிருந்தது.

"…"

"ஓம், இருக்கிறன். சொல்லுங்கோ…"

"…"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

"… எந்தச் சிப்பாயோ… ராணிக்கு முன்னாலை நிக்கிறது… ஓம், ரெண்டு கட்டம்… வைக்கிறன்."